கார்ப்பத்தோஸ் தீவின் மலைக்கிராமம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏஜியன் கடலில், கிரீட் தீவுக்கும் ரோட்ஸ் தீவுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது கார்ப்பத்தோஸ். அதன் வடபகுதி மலைமுகட்டில் உள்ள ஒலிம்போஸ் கிராமத்தைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். கிரேக்கத் தெய்வங்களின் இருப்பிடமாகச் சொல்லப்படும் 2,917 மீட்டர் உயர ஒலிம்பஸ் மலை கிரீஸின் பெருநிலப்பகுதியில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடங்கள் என்பதைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் கிரீஸுக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஒலிம்போஸை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: முடியும். பெரும்பாலான பயணிகள் அப்படித்தான் செய்கிறார்கள். தீவின் தலைநகரான பிகாடியாவில் காலையில் சுற்றுலாப் படகு ஏறினால், கிழக்குக் கரையோரமாகவே சென்று தியாஃபானி என்ற சிறு துறைமுகத்தில் இறங்கலாம். அங்கே காத்திருக்கும் பேருந்து மலையேறி உங்களை ஊர்முகப்பில் விடும். மதிய உணவை முடித்துக்கொண்டு, மாலைக்குள் அதே வழியில் பிகாடியாவுக்குத் திரும்பிவிடலாம். ஆனாலும் நான் இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். பயண நாள்களில் வேறு ஏதேனும் ஓர் இடத்தைக் குறைத்துக்கொண்டாவது ஒலிம்போஸில் இரண்டு இரவுகள் தங்குங்கள் என்றே வற்புறுத்துவேன்.

காரணம் இதுதான். பகல்நேரப் பயணிகள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்திறங்கி, ஊரின் ஒற்றைக் கடைத்தெருவை நிறைத்துவிட்டு, ஒரே வேளையில் கிளம்பிப் போகிறார்கள். அந்தச் சில மணிநேரத்தில் ஊரார் கடைக்காரர்களாகவும் நீங்கள் வாடிக்கையாளராகவும் மட்டுமே இருக்க முடியும். கடைசிப் பேருந்து இறங்கிய பிறகுதான் ஊர் தன் வேலைகளுக்குத் திரும்புகிறது. பெண்கள் வாசல்களில் அமர்ந்து பேசுவதையும், முதியவர்கள் காப்பிக்கடையில் கூடுவதையும், விடியற்காலையில் வீதியோரத்து விறகடுப்புகளில் ரொட்டி வெந்துகொண்டிருப்பதையும் அங்கே தங்குபவர்களே பார்க்கிறார்கள். தங்குவோர் கொடுக்கும் வாடகையும் உணவுப் பணமும் நேராக அந்தக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. குளிர்காலத்தில் மிகச் சிலரே வசிக்கும் ஓர் ஊருக்கு இது சிறிய உதவி அன்று.

இந்த ஊர் ஏன் இப்படியொரு முகட்டில் அமைந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பவை கூடுதலாகப் புரியும். பழங்காலத்தில் மக்கள் வடக்குக் கரையில் விருகுண்டா போன்ற ஊர்களில் வாழ்ந்தார்கள். இடைக்காலத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் கடற்கொள்ளையரின் தாக்குதல்கள் தாங்க முடியாமல் போகவே, கரையை விட்டு மலைக்கு ஏறினார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 250 முதல் 300 மீட்டர் உயரத்தில், ஒரு முகட்டின் மீதும் அதன் சரிவிலும் வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டினார்கள். மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றை வீணாக்காமல், முகட்டின் விளிம்பில் கல்லால் காற்றாலைகள் எழுப்பிக் கோதுமையும் வாற்கோதுமையும் அரைத்தார்கள். அவற்றில் பல இன்று பாழடைந்து நிற்கின்றன. சிலவற்றைப் பழுதுபார்த்துப் பாதுகாத்து வருகிறார்கள். வண்டிச்சாலையும் மின்சாரமும் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் இங்கே வந்து சேர்ந்தன. அதுவரை தெற்குப் பகுதிக்குப் போவதென்றால் கழுதைப் பாதை, இல்லையேல் படகு. வேறெங்கும் மறைந்துபோன பேச்சு வழக்கும் உடையும் இசையும் இங்கே நிலைத்ததற்கு அந்தத் தனிமையே முதற்காரணம்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு பழைய வீட்டின் உட்புறத்தையும் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அறைதான். நடுவே கூரையைத் தாங்கும் ஒரு மரத்தூண், ஒரு பக்கத்தில் செதுக்கு வேலைப்பாடுள்ள மரக் கைப்பிடியுடன் உயர்த்திக் கட்டிய மேடை. குடும்பம் முழுவதும் அந்த மேடையில்தான் உறங்கியது. அதன் அடியில் தானியமும் எண்ணெயும் சேமிக்கப்பட்டன. சுவர் நெடுக வண்ணத் தட்டுகளும் பூத்தையல் துணிகளும் குடும்பப் படங்களும் அடுக்கப்பட்டிருக்கும். கப்பலில் வேலைக்குப் போன ஆண்கள் தொலைதூரத் துறைமுகங்களிலிருந்து வாங்கிவந்த தட்டுகளும் அவற்றுள் உண்டு.

ஜூன் மாதம் உங்களுக்கு மிகவும் பொருந்தும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வீசும் மெல்தேமி என்னும் வடகாற்று அப்போது முழு வேகம் எடுத்திருக்காது. பிள்ளைகளுக்கு நடக்கும் ஆர்வம் இருந்தால், ஒலிம்போஸிலிருந்து தியாஃபானிக்குப் பைன் மரங்களுக்கு இடையே இறங்கும் பழைய நடைபாதையில் போய்க் கடலில் குளித்துவிட்டு, ஏறும்போது வண்டியில் திரும்பலாம். குடிநீரையும் தொப்பியையும் மறக்க வேண்டாம்.

*

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அங்கே எப்படிச் செல்வது? நான் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. என் கணவர் சிங்கப்பூர்க் குடிமகன். விசா தேவையா?
– வாசகி, தெம்பனீஸ்

பதில்: ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழுவான ஷெங்கனில் கிரீஸும் ஒன்று. சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள உங்கள் கணவர், எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். உங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். இங்கே நிரந்தரவாசியாக இருப்பதால் விண்ணப்பத்தைச் சிங்கப்பூரிலேயே கொடுக்கலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் நேர்காணல் நாள் கிடைப்பது கடினம் என்பதால், சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள். ஐரோப்பிய எல்லை நடைமுறைகள் மாறிவருகின்றன. உங்கள் கணவரும் புறப்படுவதற்கு முன் அப்போதைய விதிகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சாங்கியிலிருந்து ஏதென்ஸ் வரை ஒரு பயணம். ஏதென்ஸிலிருந்து கார்ப்பத்தோஸுக்கு உள்நாட்டு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் அது வழியில் பல தீவுகளைத் தொட்டுவிட்டு வருவதால் ஓர் இரவும் அதற்கு மேலும் பிடிக்கும். பலத்த காற்றில் கப்பலும் சிறு விமானமும் தாமதமாவது அங்கே வழக்கம். ஆகவே தீவிலிருந்து திரும்பும் நாளன்றே சிங்கப்பூர் விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டமிடாதீர்கள்; இடையில் ஓர் இரவாவது ஏதென்ஸில் தங்குங்கள்.

விமான நிலையம் தீவின் தென்கோடியிலும் ஒலிம்போஸ் வடபகுதியிலும் இருப்பதால் வாடகைக் கார் வசதியாக இருக்கும். சிங்கப்பூர் உரிமத்தோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் இங்கேயே பெற்றுச் செல்லுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கியர் வண்டிகளே மிகுதி என்பதால் தானியங்கி வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். சாலை மலைச்சரிவில் வளைந்து வளைந்து செல்கிறது, பக்கக் காற்றும் பலமாக இருக்கும், ஆடுகள் குறுக்கே வரும். பிகாடியாவிலேயே எரிபொருளை நிரப்பிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுங்கள். மலைப்பாதையில் பழக்கம் இல்லாதவர்கள் படகையும் பேருந்தையும் நம்புவதே நலம்.

*

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அந்த ஊரில் பட்டினி கிடக்க நேருமா?
– வாசகர், செங்காங்

பதில்: நேராது. ஒலிம்போஸின் தனி உணவான மகறூனெஸ் என்பது கையால் உருட்டிச் செய்யும் ஒருவகை மாவுப் பண்டம். அதை வேகவைத்து, பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தையும் துருவிய பாலாடைக் கட்டியையும் மேலே தூவித் தருவார்கள். அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயும், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த காட்டுக்கீரை, பருப்பு மசியல், விறகடுப்பு ரொட்டி ஆகியவையும் கிடைக்கும்.

சில எச்சரிக்கைகள் தேவை. அரிசி அடைத்த காய்கறிகளிலும் திராட்சை இலைச் சுருளிலும் கொத்திறைச்சி சேர்ப்பதுண்டு என்பதால் ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் நோன்பு நாள்களில் இறைச்சி, முட்டை, பால் பொருள்கள் மூன்றையும் விலக்குகிறார்கள். அந்த உணவை ‘நிஸ்தீசிமோ’ என்பார்கள். அச்சொல்லைச் சொல்லிக் கேட்டால் சமையல்காரருக்கு உடனே விளங்கும். ஆயினும் கணவாய், ஆக்டோபஸ், சிப்பி போன்றவை அந்த நோன்பில் அனுமதிக்கப்பட்டவை. அவையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பாலாடைக் கட்டியை உறைய வைக்க விலங்கின் இரைப்பைச் சுரப்பைப் பயன்படுத்தும் வழக்கம் அங்கே இன்னும் உண்டு. அதை ஏற்காதவர்கள் கட்டியைத் தவிர்க்கலாம்.

*

கேள்வி: ஒலிம்போஸில் பெண்களின் ஆட்சி நடப்பதாகவும், சொத்தெல்லாம் மகளுக்கே போவதாகவும் ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: பாதி உண்மை. அந்த ஊரின் பழைய மரபில் தாயின் சொத்து மூத்த மகளுக்கும் தந்தையின் சொத்து மூத்த மகனுக்கும் தனித்தனி வழியாகப் போயின. மூத்த மகள் பெற்றதில் வீடும் அடங்கும். திருமணமானதும் மணமகனே அவள் வீட்டில் குடியேறுவான். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயரையும் மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும் இட்டார்கள்; பெயர் சென்ற வழியிலேயே நிலமும் சென்றது. தாயின் முழுச் சொத்தையும் பெறும் அந்த மூத்த மகளைக் ‘கனகாரா’ என்று அழைத்தார்கள். திருவிழா நாளில் அவள் மார்பில் வரிசை வரிசையாகத் தொங்கும் பொற்காசு மாலை, அவள் கொண்டுவரும் சொத்தை ஊரறியக் காட்டியது.

இதைப் பெண்களின் ஆட்சி என்று சொல்வது பொருந்தாது. சிறிதளவே இருந்த மலைநிலம் துண்டாடப்படாமல் காக்கும் ஏற்பாடாகத்தான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் சுமை இளையவர்கள் தலையில் விழுந்தது. இளைய மகள்கள் பலர் அக்காளின் வீட்டிலும் வயலிலும் உழைத்தே காலம் கழித்தார்கள். இளைய மகன்கள் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். 1912 முதல் இத்தாலியர் ஆண்டு, 1948இல் கிரீஸுடன் முறைப்படி இணைந்த இத்தீவிலிருந்து பிரேயஸ், ரோட்ஸ், அமெரிக்காவின் பால்டிமோர் முதலிய இடங்களுக்குப் போய்க் குடியேறியோர் ஏராளம். அவர்கள் வெளியூரில் பொருள் ஈட்டத் தொடங்கிய பிறகு, நிலத்தை மையமாகக் கொண்ட பழைய தரவரிசையும் தளர்ந்தது. மூத்த மகளின் பொற்காசுகளைப் புகழும் காணொளிகள் அவளுடைய தங்கைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

*

கேள்வி: என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. அவரையும் அழைத்துச் செல்லலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஒலிம்போஸ் முழுவதும் படிகளும் சரிவுகளும்தான், வண்டிகள் ஊர் எல்லையிலேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக நக்சோஸ் தீவின் அப்பிராந்தோஸை எண்ணிப் பாருங்கள். பளிங்குக் கல் பாவிய தெருக்களைக் கொண்ட மலைக்கிராமம் அது. சாணைக்கல் தாது வெட்டியெடுத்து வாழ்ந்த ஊர். 1941 மே மாதத்தில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் மீது பறந்த நாஜிக் கொடியைத் தம் நண்பருடன் ஏறி இறக்கிய மனோலிஸ் கிளேசோஸ் பிறந்ததும் அங்கேதான். அங்கும் படிகள் உண்டு, ஆனால் சாலையோரத்திலேயே உணவகங்கள் இருக்கின்றன; தாயார் சிறிது தூரம் நடந்துவிட்டு அமரலாம். துறைமுகத்திலிருந்து பேருந்தும் செல்கிறது.

*

கேள்வி: ஆகஸ்ட் 15 திருவிழாவைக் காண விரும்புகிறேன். படம் எடுக்க அனுமதி உண்டா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மரியன்னையின் இறப்பை நினைவுகூரும் ‘மாதாவின் துயில்’ திருநாளான அன்று, பிரேயஸிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள் கூட ஊர் திரும்புவார்கள். வழிபாடு, எல்லாருக்கும் பொது விருந்து, பிறகு இரவு நெடுக ஆட்டம். லீரா, லவுட்டோ என்னும் நரம்புக் கருவிகளோடு ஆட்டுத்தோலால் ஆன சம்புனா என்ற துருத்திக் குழலும் ஒலிக்க, ஆண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, பதினைந்து அசை கொண்ட ஈரடிப் பாடல்களை அந்த நேரத்திலேயே கட்டிப் பாடுவார்கள். ஒருவர் தொடுத்ததற்கு மற்றவர் விடை தருவது நம் எசப்பாட்டை ஒத்தது. இறந்தவர்களையும் கடல் கடந்து போனவர்களையும் நினைந்து பாடும்போது அவர்கள் கண்ணீர் விடுவதையும் காணலாம்.

ஆகவேதான் படம் எடுப்பதில் கண்டிப்பாகச் சொல்கிறேன். வழிபாட்டின்போதும் பாடுவோர் அழும்போதும் கைப்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள். அன்றாடத் தெருவிலும், பூத்தையல் உடையும் முக்காடும் தோல் காலணியும் அணிந்த மூதாட்டியைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்லி, கேட்டு, தலையசைத்தால் மட்டுமே எடுங்கள். அவர் வேடமிட்டு நிற்கவில்லை. வயலுக்கோ அடுப்படிக்கோ போய்க்கொண்டிருக்கிறார். முட்புதர் நிறைந்த மலையில் அந்த உயரமான காலணி வேலைக்கு வேண்டியது.

நம் தேசிய தின விடுமுறையை ஒட்டி விடுப்பு எடுத்தால் நாள் கணக்குச் சரியாக வரும். ஆனால் அந்த வாரத்து அறைகள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடுகின்றன. ஊர் திரும்பும் உறவினருக்கே முதலிடம். ஒலிம்போஸில் கிடைக்காவிட்டால் தியாஃபானியில் தேடுங்கள். அதுவும் இயலாதென்றால், ஆகஸ்ட் 28ஆம் தேதி மாலை விருகுண்டாவுக்குப் போகலாம். அங்கே குகைக்குள் இருக்கும் புனித யோவானின் சிற்றாலயத்தில் 29ஆம் தேதித் திருநாளுக்காக மக்கள் படகிலும் நடந்தும் வந்து கூடி, இரவு வெட்டவெளியில் தங்குகிறார்கள். படுக்கை விரிப்பும் கைவிளக்கும் குடிநீரும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.