ஆன்லைனில் பொருள் வாங்கும்போது போலித் தளங்களில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

அம்மா இப்போதுதான் போனில் சாமான் வாங்கப் பழகியிருக்கிறார், போலித் தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, பணம் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் என் தங்கை நினைவுதான் வந்தது.

2023 தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. போனில் வந்த ஒரு விளம்பரத்தைத் தொட்டு, சிவகாசிக் கடை என்று சொல்லிக்கொண்ட ஒரு தளத்தில் 5,400 ரூபாய்க்குப் பட்டாசு ஆர்டர் போட்டாள். இரண்டு நாள் கழித்து "பேக்கிங் சார்ஜ்" என்று வாட்ஸ்அப்பில் இன்னும் 850 ரூபாய் கேட்டார்கள். அதையும் அனுப்பினாள். அதற்கப்புறம் அந்த எண்ணிலிருந்து பதிலே இல்லை. தங்கை விவரம் தெரியாதவள் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். பத்து ரூபாய் கணக்கு உதைத்தாலும் தேடிப் பிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள். ஏமாந்தவர்களை "பேராசை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் அதனால்தான் எனக்குக் கோபம் வரும்.

பிறகு நானும் அவளும் உட்கார்ந்து அந்தத் தளத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தது. பலரும் அதைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். நம் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். தளத்தை நடத்துகிறவர் நல்லவரா என்று அது சொல்லாது. அந்தப் பூட்டு வருவதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கலாம்.

80 சதவீதத் தள்ளுபடி என்று போட்டிருந்தது. "நம்ப முடியாத தள்ளுபடி என்றால் வாங்காதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சிவகாசியின் நிஜமான கடைகளே விலைப்பட்டியலில் விலையை ஏற்றிப் போட்டு 80 சதவீதம் கழிப்பது வழக்கம். அதை வைத்து அவளால் என்ன கண்டுபிடித்திருக்க முடியும்?

கண்டுபிடித்திருக்கக் கூடியது வேறு. "வீட்டு வாசலுக்கே கூரியரில் இலவசமாக வரும்" என்று எழுதியிருந்தார்கள். பட்டாசு வெடிபொருள். தபாலிலோ சாதாரணக் கூரியரிலோ அனுப்ப முடியாது. சிவகாசியிலிருந்து பார்சல் லாரியில் வரும், நாம்தான் லாரி ஆபீசுக்குப் போய் எடுத்து வர வேண்டும். அப்புறம், மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. எந்தப் பொருளை வாங்கினாலும் அது வழக்கமாக எப்படி விற்கப்படுகிறது, எப்படி வீடு வந்து சேரும் என்று, அதை ஏற்கெனவே வாங்கிப் பழகிய ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஊரில் ஒரு பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் அவளுக்கு இது தெரிந்திருக்கும்.

பக்கத்தின் அடியில் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தது. அது 15 எழுத்துகளும் எண்களும் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். சிவகாசிக் கடை என்று சொன்ன தளத்தில் இருந்த எண் 33 என்று தொடங்கவே இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் செய்யாமலேயே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். போட்டோம். வேறு மாநிலத்தில் உள்ள ஒரு இரும்புச் சாமான் கடையின் பெயர் வந்தது. அவர்களுக்குத் தங்கள் எண் இப்படித் திருடப்பட்டது தெரிந்திருக்காது. தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்பதையும் 'ஹூ இஸ்' (WHOIS) என்று தேடினால் பார்க்கலாம். இருபது வருடப் பாரம்பரியம் என்று எழுதியிருந்த அந்தத் தளத்துக்கு வயது பத்தொன்பது நாள்.

ஆனால் இதையெல்லாம் உங்கள் அம்மா செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்கு ஒரே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: பின் நம்பரைப் போடுவதற்கு முன், திரையில் பணம் யார் பெயருக்குப் போகிறது என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். தளத்தை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் செய்துவிடலாம். பணத்தை வாங்க ஏதோ ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் உண்டு. தங்கை பணம் அனுப்பியபோது 'டிரேடர்ஸ்' என்ற கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அவள் அதைப் பார்த்திருக்கிறாள். "ஓனர் பெயராக இருக்கும்" என்று நினைத்திருக்கிறாள். தெருமுனைக் காய்கறிக் கடையில் ஓனர் பெயர் வந்தால் பரவாயில்லை, அந்த ஆள் நம் எதிரில் நிற்கிறார். முகம் தெரியாத, வேறு ஊர்க் கடைக்கு அப்படி வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எந்த வழியில் பணம் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். யுபிஐயில் அனுப்பினால் கையில் நோட்டைக் கொடுத்த மாதிரிதான், நாமே பின் போட்டு அனுப்பியதைத் திரும்ப வாங்குவது மிகவும் கடினம். கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் எழுதிக் கொடுத்து அந்தத் தொகையை மறுக்க வழி இருக்கிறது. புதுத் தளம் என்றால் நான் கார்டில்தான் கட்டுகிறேன், இல்லாவிட்டால் வாங்குவதில்லை. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பிலேயே நிறுத்தி வைக்கலாம். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுத்துவிடும் என்பதால் இது அவசியம். அம்மாவின் யுபிஐயை, ஓய்வூதியமோ சேமிப்போ இருக்கும் கணக்கோடு இணைக்காதீர்கள். இரண்டாயிரம், மூவாயிரம் மட்டும் இருக்கும் ஒரு தனிக் கணக்கோடு இணையுங்கள். என்ன நடந்தாலும் அதற்கு மேல் போகாது.

சரி, பணம் போய்விட்டால்? உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே எண். பணப் பரிமாற்ற எண், தொகை, நேரம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் முழுப் புகாரைப் பதிவு செய்யுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போய்க் கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேயே முடக்குவார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அரை மணி நேரத்தில் அழைத்தார். பெரும்பகுதி முடங்கி நின்றது. கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது, ஆனாலும் வந்தது.

உங்களுக்குத் தெரியாமலேயே வேறு யாரோ கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அது வேறு கதை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டு வந்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்த திருட்டை, வங்கித் தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது.

ஒன்றை மறக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள். ஏமாந்தவர்களின் எண்களை வைத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிடுகிறார்கள். "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்பார்கள். தங்கைக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் போனை வாங்கி வைத்தேன். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் எப்போதுமே தேவையில்லை.

தங்கையின் 6,250 ரூபாய் திரும்பி வரவில்லை. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து ஆறு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். நாங்கள் 1930-க்கு அழைத்தபோது அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. அம்மாவின் போனில் அந்த எண்ணை இன்றே சேமித்துக் கொடுங்கள். கொடுக்கும்போது, "ஏதாவது ஆகிவிட்டால் உடனே எனக்குப் போன் பண்ணுங்கள் அம்மா, நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்" என்றும் சொல்லிவிடுங்கள். நான் தங்கையிடம் அதைச் சொல்லி வைத்திருக்கவில்லை.