ஃபெசன்ட் வேட்டைக்கு ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் வந்து ஆறு மாதம், எச்-1பி விசா. நவம்பரில் உங்கள் மேனேஜர் டீமில் பன்னிரண்டு பேரை ஒரு தனியார் வேட்டைப் பண்ணைக்கு ஃபெசன்ட் பறவை சுட அழைத்துப் போகிறார். நீங்கள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. போகாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களா, போனால் விசாவுக்குச் சிக்கல் வருமா, ஊரில் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா விஷயத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். மற்றதைச் சொல்கிறேன்.

விசாதான் முதலில். மற்றதெல்லாம் அவரவர் ரசனை, இது சட்டம். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். விலை கொடுத்து வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. நண்பர் “ஒரு நிமிஷம் பிடி, ஷூ லேஸ் கட்டிக்கிறேன்” என்று நீட்டுவதை வாங்கினாலும், போட்டோவுக்காகத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாலும் வம்புதான். இதற்குச் சட்டத்திலேயே சில விலக்குகள் உண்டு. நமக்கு உதவுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது சட்டைப்பையில் இருந்தால் வேட்டைக்குத் துப்பாக்கி எடுக்கலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடையே கிடையாது. அதனால் உங்கள் டீமில் இருக்கும் சீனியர் தேசி அண்ணன் “நானெல்லாம் எதுவும் வாங்கலையே” என்று சொன்னால் அதை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீலுக்கு இரண்டு வரி மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத காப்பு.

லைசென்ஸை தெற்கு டகோட்டாவின் வேட்டை, மீன், பூங்காத் துறையிடம் ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். பிரிசர்வ் என்று இவர்கள் சொல்லும் தனியார் பண்ணைகளுக்கென்றே தனி வகை லைசென்ஸ் இருக்கிறது. இந்த மாநிலத்தில் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயமில்லை. எல்லை தாண்டினால் கதை வேறு: மினசோட்டாவில் 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர்களும், அயோவாவில் 1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்களும் வகுப்பு முடித்த சான்றிதழ் இல்லாமல் வேட்டை லைசென்ஸ் வாங்குவது கஷ்டம். கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்த வகுப்பைப் படித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். துப்பாக்கி பக்கத்தில் இருக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

இப்போது போகலாமா என்ற கேள்வி. போங்கள். ஆனால் முதல் தடவை துப்பாக்கி இல்லாமல் போங்கள். “நான் நடக்க மட்டும் வருகிறேன்” என்று மேனேஜரிடம் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வரிசையில் நடந்து பறவையைக் கிளப்ப ஆள் தேவை, சுட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வேட்டையே பிடிக்காது, மனசு ஒப்பவில்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடலாம். இந்த ஊர்க்காரர்கள் அதற்காகப் பகை வைப்பதை நான் பார்த்ததில்லை. வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடித்து, முந்தின நாள் ராத்திரி காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்புவதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. தலைக்கு இத்தனை என்று முன்பணம் கட்டியிருப்பார்கள்.

இவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொண்டால் அந்த அழைப்பின் மதிப்பும் புரியும். ஃபெசன்ட் இந்த மண்ணின் பறவையே கிடையாது. ஆசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. நம்ம மயில், காட்டுக்கோழி எல்லாம் அடங்கிய அதே குடும்பம். 1880-களின் தொடக்கத்தில் ஷாங்காயிலிருந்த அமெரிக்கத் தலைமைத் துணைத் தூதர் ஓவன் டென்னி சீனாவிலிருந்து ஒரிகனுக்கு அனுப்பிய பறவைகள்தான் அமெரிக்காவில் நன்றாக வேர்பிடித்த முதல் கூட்டம். தெற்கு டகோட்டாவில் ரெட்ஃபீல்ட் ஊரைச் சுற்றியுள்ள ஸ்பிங்க் கவுண்டியில் பெருகி, 1919-ல் அங்கே முதல் வேட்டைப் பருவம் நடந்தது. பருவம் என்றால் ஒரே ஒரு நாள். 1943-ல் இதையே மாநிலப் பறவையாக ஆக்கிவிட்டார்கள். அதே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அபர்தீன் ரயில் நிலையத்தில் இறங்கிய படைவீரர்களுக்கு ஊர்ப் பெண்கள் ஃபெசன்ட் சாண்ட்விச் செய்து கொடுத்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அக்டோபர் மூன்றாம் சனி, பொதுப் பருவம் திறக்கும் நாள், இங்கே தீபாவளிதான். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதற்கென்று வீடு வருவார்கள்.

உங்களை அழைத்துப் போகும் இடம் பிரிசர்வ் என்பதால் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுப் பருவத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல், பெட்டையைத் தொடக்கூடாது, ஜனவரி 31-ல் முடிந்துவிடும். பிரிசர்வ் பருவம் செப்டம்பர் 1-லிருந்து மார்ச் 31 வரை. காரணம், அங்கே கூண்டில் வளர்த்த பறவைகளை வயலில் கொண்டுவந்து விடுகிறார்கள். காட்டிலேயே பிறந்ததும் அவற்றோடு கலந்திருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் எது எது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கூண்டில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கப் பல பண்ணைகளில் அலகின் மேல் ஒரு பிளாஸ்டிக் மறைப்பை மூக்குத் துளை வழியாகப் பொருத்துவார்கள். விடும்போது கழற்றிவிடுவார்கள், ஆனால் மூக்கில் துளைத்த தடம் அப்படியே இருக்கும். வால் இறகும் குட்டையாக, நுனி சிதைந்து கிடக்கும். காட்டுச் சேவலின் வால் நீளமாக, ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். வயதான சேவலாக இருந்தால் காலில் முள் கூர்மையாக வளர்ந்திருக்கும்.

“வளர்த்து விட்டுச் சுடுவதெல்லாம் ஒரு வேட்டையா” என்று உள்ளூர்க்காரர்களிலேயே பாதிப் பேர் கிண்டல் செய்வார்கள். எனக்கும் காட்டுப் பறவையின் பின்னால் நடப்பதுதான் பிடிக்கும். நாள் முழுக்க நடந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பினாலும் சரி. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் தோலுரித்த கோழியைப் பிளாஸ்டிக் தட்டில் வாங்கும் நாம் இந்தப் பறவைக்காகத் தனியாகக் கண்ணீர் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்ச நாளாவது வானத்தைப் பார்த்த கோழி இது. அப்புறம் அந்தப் பண்ணைக்காரர் பறவைக்காகப் புல்லையும் சோளத்தையும் நாணலையும் விட்டுவைக்கிறார். வேட்டை வருமானம் இல்லாவிட்டால் அந்த நிலமெல்லாம் ஓரம்வரை உழுது சோயா போட்டிருப்பார்கள்.

சரி, அங்கே என்ன நடக்கும்? காலையில் லாட்ஜில் காபி, கனமான டிபன். மாட்டிறைச்சி, பன்றி சாப்பிட மாட்டீர்கள் என்றால் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் சீஸும் ரொட்டியும்தான். பிறகு கைடு எல்லோரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பு விதிகளைச் சொல்வார். நூறு தடவை வந்தவர்கள்கூட வாய் திறக்காமல் கேட்பார்கள், கவனித்துப் பாருங்கள்.

குழுவை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி வயலின் ஒரு முனையில் வரிசையாக நின்று நாய்களோடு நடந்து வரும். மறு பாதி எதிர்முனையில் போய்ச் சத்தமில்லாமல் நிற்கும், இவர்களை பிளாக்கர் என்பார்கள். ஃபெசன்டுக்கு இறக்கையைவிடக் காலில்தான் நம்பிக்கை. நீங்கள் நடக்க நடக்க முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணில் படாது. காய்ந்த சோளத்தட்டையின் சலசலப்பில் பக்கத்தில் வருபவர் பேசுவதுகூடக் கேட்காது. பாதி வயல் வரை ஒன்றுமே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். கடைசி இருபது முப்பது அடியில் ஓட இடமில்லாமல் ஒன்று கிளம்பும் பாருங்கள், காலடியிலிருந்து இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, நேர்மேலே. அதன் பின்னால் பத்து, இருபது. சேவலுக்குச் செம்பு நிற நெஞ்சு, கழுத்தில் வெள்ளை வளையம், முகம் ரத்தச் சிவப்பு. உடனே வரிசை முழுக்க “ரூஸ்டர்! ரூஸ்டர்!” என்று கத்துவார்கள். பழுப்புப் பெட்டை எழுந்தால் “ஹென்!” என்று ஒரு குரல், எல்லாத் துப்பாக்கியும் இறங்கிவிடும். துப்பாக்கி இல்லாத நீங்களும் கத்தலாம். கத்த வேண்டும். அடையாளம் தெரியவில்லை என்றால் மட்டும் சும்மா இருங்கள்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டது இரண்டு விஷயம். ஒன்று, வரிசை. பின்தங்கவும் கூடாது, முந்தவும் கூடாது. போனைப் பார்த்துக்கொண்டு நின்று பத்தடி பின்னால் போய்விட்டீர்கள் என்றால், பறவை பின்பக்கம் திரும்பிப் பறக்கும்போது அதன் கீழே நிற்பது நீங்கள். இரண்டு, பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால்தான் சுட வேண்டும். தாழப் பறப்பதையும் தரையில் ஓடுவதையும் விட்டுவிட வேண்டும், அங்கேதான் நாயும் பிளாக்கரும் இருப்பார்கள். 2006 பிப்ரவரியில் டெக்சஸ் பண்ணை ஒன்றில் காடை வேட்டையின்போது, அன்றைய துணை அதிபர் டிக் செனி பறவையைத் துரத்திக்கொண்டே துப்பாக்கியைத் திருப்பி, கூட வந்த வக்கீல் ஹாரி விட்டிங்டனின் முகத்திலும் மார்பிலும் சுட்டுவிட்டார். அனுபவம் உள்ளவர், தெரிந்த நிலம். அப்படியும் நடந்தது. அதனால் ஆரஞ்சுத் தொப்பியும் ஜாக்கெட்டும் எல்லா நேரமும் போட்டிருங்கள், வயல்வெளியில் ஒதுங்கப் போகும்போதும். கண்ணாடி போடாதவர் என்றால் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கராக நிற்கும்போது தூரத்தில் சுட்ட ரவைகள், அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சின்னக் குண்டுகள், பொலபொலவென்று மேலே விழும். தொப்பியில் பட்டால் வலிக்காது, கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

பீர் விஷயம்: துப்பாக்கியெல்லாம் பெட்டிக்குள் போன பிறகுதான். அதற்கு முன்னால் யாராவது திறந்தால் அந்தக் குழுவோடு அடுத்த வயலுக்கு நடக்காதீர்கள். மேனேஜராகவே இருந்தாலும்.

முடிந்ததும் கொட்டகையில் சுத்தம் செய்வார்கள். பண்ணை ஆட்களே செய்துவிடுவார்கள், ஆனால் ஒன்றையாவது நீங்களே செய்து பாருங்கள். பறவையை மல்லாக்கப் போட்டு, இரண்டு இறக்கையையும் உடம்பை ஒட்டி மிதித்துக்கொண்டு, கால்களைப் பிடித்து ஒரே சீராக மேலே இழுத்தால் நெஞ்சுக்கறி இறக்கையோடு தனியாகக் கழன்று நிற்கும், கத்தியே வேண்டாம். இரைப்பையைக் கிள்ளிப் பார்த்தால் முழு மக்காச்சோளமாகக் கொட்டும். எடுத்துப் போகும்போது தலையோ காலோ இறகோடு கூடிய இறக்கையோ ஒட்டியிருக்கச் சொல்வார்கள், அது சேவல்தான் என்பதற்கு அத்தாட்சி. பண்ணையில் கொடுக்கும் ரசீதையும் அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கைடுக்கும் சுத்தம் செய்தவர்களுக்கும் டிப்ஸ் ரொக்கமாகக் கொடுப்பது வழக்கம். தங்குமிடமும் வேட்டைக் கட்டணமும் கம்பெனி கொடுத்தாலும் இதை நம் பையிலிருந்து கொடுத்தால்தான் மரியாதை.

சமைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஃப்ரீசரில் ஆறு பறவையை வைத்துக்கொண்டு முழிக்கப் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன். கொழுப்பே கிடையாது, பிராய்லர் மாதிரி வதக்கினால் நார்நாராகக் காய்ந்துவிடும். முதலில் கறியை வெளிச்சத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். நீலமாகக் கன்றிய இடத்தில் சின்ன இறகு உள்ளே சொருகியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் ரவை அகப்படும். தேடி எடுக்காவிட்டால் பல்லுக்குச் செலவு, ஈய ரவையென்றால் உடம்புக்கும் நல்லதல்ல. நெஞ்சுக்கறியைத் தயிரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு, தேங்காய்ப்பாலில் சிறு தீயில் வேகவிடுங்கள். தொடையில் நரம்பு அதிகம், அதைக் குக்கரில் நாலைந்து விசில் விட்டு எலும்பிலிருந்து உதிர்த்துக் குழம்பாக்கிவிடலாம். டீமுக்கு ஒரு டப்பா எடுத்துப் போங்கள். கிரீம் சூப்பு ஊற்றி ஓவன் அடுப்பில் வைத்துத்தான் இவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டிருப்பார்கள்.

உடுப்பு: நவம்பரில் காலை உறைபனி, மத்தியானம் வெயில், காற்று மட்டும் நாள் முழுக்க. மெல்லியதாக மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், ஒட்டுமுள் அப்பிக்கொள்ளும், ஈரமானால் காயாது. புது பூட்ஸ் வாங்கினால் இந்த வாரமே வாங்கி, தினமும் வீட்டைச் சுற்றி நடந்து பழக்கிக்கொள்ளுங்கள். உழுத நிலத்தில் மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கும், குதிகாலில் கொப்புளம் வந்தால் மத்தியானத்திலிருந்து வண்டியில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி. வக்கீல் பதில் வந்ததும் எழுதுங்கள், லைசென்ஸ் எடுக்கும்போது எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.