கணப்பும் ஹீட்டரும் பியானோவும்: மலையோரத்துக் கேள்விகள்

வாசகி, மூணாறு: குளிருக்கு ஹீட்டர் வாங்கிவிட்டோம். மகளின் பியானோவும் அதே அறையில்தான். சூடு பியானோவைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

கெடுப்பது சூடு அல்ல, வறட்சி. காற்றைச் சூடாக்கும்போது அதிலுள்ள நீர் குறையாது. ஒப்பு ஈரப்பதம்தான், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்குதான், சரியும். வெளியே 0 டிகிரி, 90 சதவீதம் என்றிருக்கும் காற்று, வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடேறினால் 25 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். பியானோவின் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரம். அது வறண்டு சுருங்கினால் அதன் லேசான மேல்வளைவு தணியும், தந்திகள் தளரும், நடு ஸ்தாயியில் சுருதி இறங்குவது உங்கள் மகளின் காதுக்கே முதலில் தெரியும். வறட்சி நீடித்தால் பலகையில் விரிசல் விழும், தந்திகளை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணிகளும் பிடி விடும். ஏறத்தாழ 230 தந்திகள் சேர்ந்து 18 டன் அளவுக்கு இழுக்கும்போது ஆணி பிடி விடுவது சின்ன விஷயமல்ல.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பனி நாட்டு வீடுகளுக்கானவை. தை மாத உறைபனி இரவுகளுக்கு அவை பொருந்தும். இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், அப்படியே தலைகீழ். 10 டிகிரி, 90 சதவீத மழைக்காற்று 20 டிகிரிக்கு வந்தால் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும். பியானோ கேட்பதும் அதைத்தான். மழையில் ஹீட்டரை மிதமாக, ஒரே சீராக ஓட விடுங்கள். காற்று பியானோ மேல் நேராக வீசக் கூடாது. பக்கத்தில் ஓர் ஈரப்பதமானி வையுங்கள். 40க்குக் கீழே முள் இறங்கினால் ஹீட்டரைக் குறையுங்கள்.

வாசகர், கூடலூர்: எஸ்டேட் பங்களாவில் கணப்பை ஒட்டிப் பழைய பியானோ நிற்கிறது. நகர்த்த வேண்டுமா?

இன்றைக்கே. இப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கணப்புப் பக்கத்தில் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, பொரித்த அப்பளம்போல் உப்பி எழுந்திருந்தது. மறுபக்கம் கை வைத்தால் சில்லென்று ஈரம். ஒரே பியானோவில் இரண்டு பருவங்கள்! அதைச் சுருதி சேர்த்து முடித்தபோது எனக்கே நம்பிக்கையில்லை. உள்சுவர் ஓரமாக, கணப்பிலிருந்து எட்ட வையுங்கள்.

வாசகர், வால்பாறை: மழை வந்தால் கட்டைகள் அமுங்கியபடியே நின்றுவிடுகின்றன. தாத்தா காலத்தில் உள்ளே பல்பு எரியவிடுவார்களாம்.

கட்டைகளைப் பிடித்திருக்கும் கம்பளி ஃபெல்ட் ஈரத்தில் ஊறிப் பருத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபெல்ட் அதைக் குடித்துவிட்டு இன்னும் இறுகும். பல்பு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தூசி, எலி கொண்டுவந்து சேர்த்த காகிதம், சூடான பல்பு எல்லாம் ஒரே மரப்பெட்டிக்குள் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பியானோவுக்கென்றே சூடாக்கும் குழாய் விற்கிறார்கள். ஈரம் ஏறினால் தானே எரியும், இறங்கினால் தானே அணையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

வாசகர், மார்த்தாண்டம்: தேவாலயத்தில் ஞாயிறு மட்டும் ஏசி. ஆராதனையின் நடுவில் சுருதி பிசகுகிறது.

குளிர்ந்தால் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும், சூடேறினால் நீண்டு இறங்கும். மரம்போல் நாள்கணக்கில் காத்திருக்காது. சுருதி சேர்ப்பவர் வரும் நாளில், ஞாயிற்றுக்கிழமை ஓடும் அதே அளவில் ஏசியை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.