தையல்காரரான ஆண்ட்ரூ ஜான்சன் டென்னசி மாநில அரசியலில் எப்படி உயர்ந்தார்?

ஆண்ட்ரூ ஜான்சன் என்றதும், லிங்கன் கொலையுண்ட பின் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர், 1868-இல் பதவிநீக்க விசாரணையில் ஒரே வாக்கில் பதவி தப்பியவர் என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அதற்கு முந்தைய டென்னசி வாழ்க்கையே கூர்ந்து படிக்கத்தக்கது என்பது என் கருத்து.

வட கரோலினாவின் ராலே நகரில் 1808-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. தொழில் கற்கத் தையற்கடையில் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டவர் 1824-இல் அண்ணனோடு ஓடிப்போக, பிடித்துத் தருவோருக்குப் 10 டாலர் தருவதாக முதலாளி பத்திரிகையில் விளம்பரம் செய்தார். 1826-இல் டென்னசியின் கிரீன்வில் ஊருக்கு வந்து, பின்னர் சொந்தக் கடை நடத்தினார். மனைவி எலைசா எழுத்தும் கணக்கும் கற்பித்தார். அந்தக் கடை வெகுவிரைவில் ஊர்க் கைவினைஞர்கள் கூடி அரசியல் வாதிடும் இடமாக மாற, அவர்களுடைய ஆதரவில் 1829-இல் நகர்மன்ற உறுப்பினராகவும், 1834-இல் மேயராகவும், 1835-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

சட்டமன்றத்தில் அரசுப் பணம் ரயில் பாதைகளுக்குச் செல்வதை அவர் எதிர்த்தார். சிக்கனம் என்ற கொள்கை சரியே. ஆனால் மலைகளால் அடைபட்ட கிழக்கு டென்னசிக்கு ரயில் எவ்வளவு தேவை என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. 1837-இல் தோற்று, 1839-இல் மீண்டும் வென்றார். மாநில மேலவையிலும், பின்பு 10 ஆண்டுகள் நாடாளுமன்றக் கீழவையிலும் இருந்தவரை வீழ்த்த, எதிர்க்கட்சியான விக் கட்சியினர் தொகுதி எல்லையையே மாற்றி வரைந்தார்கள். அவரோ 1853-இல் ஆளுநர் தேர்தலில் நின்று வென்றுவிட்டார்.

அக்காலத்து டென்னசி ஆளுநருக்குச் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம்கூடக் கிடையாது. அத்தகைய பலமற்ற பதவியிலிருந்துகொண்டு, பொதுப்பள்ளிகளுக்கென மாநில வரி விதிக்கும் 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பள்ளி செல்லாத அந்த மனிதர் கொண்டுவரச் செய்ததையே அவருடைய மாநிலப் பணிகளில் தலையானதாக நான் கருதுகிறேன். தொழில்மீது அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. கொல்லராக இருந்து நீதிபதியான நண்பர் ஒருவர் தம் கையால் அடித்த இரும்புக் கருவிகளை அனுப்பியபோது, ஆளுநர் பதிலுக்குத் தாமே ஒரு கோட்டுத் தைத்து அனுப்பினார்.

எனினும் அவர் பரிந்து பேசிய உழைப்பாளி வெள்ளையராகவே இருந்தார். ஒப்பந்தத்தை முறித்து ஓடிய அதே மனிதர் பிற்காலத்தில் அடிமைகளை விலைக்கு வாங்கினார். 1857-இல் அவரை நாடாளுமன்ற மேலவையான செனட் சபைக்குத் தேர்ந்தெடுத்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.