சதகுப்பையை நட்டும் வராத வண்ணத்துப்பூச்சி

சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் செடி வளர்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இணைய விற்பனையாளரிடம் வாங்கிய ‘வண்ணத்துப்பூச்சித் தோட்டப் பெட்டி’யில் இருந்த பார்ஸ்லி, சதகுப்பை, சோம்பு நாற்றுகளை நட்டு இரண்டு மாதமாகியும் அவற்றில் ஒரு முட்டைகூட இல்லையாம். அருகிலுள்ள கறிவேப்பிலையை மட்டும் பச்சைப் புழுக்கள் மொட்டையடிக்கின்றனவாம். மருந்து அடிக்கலாமா என்று கேட்கிறார்.

அடிக்க வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து வரவழைக்க நினைத்த விருந்தாளியே அந்தப் புழுதான். பார்ஸ்லி, சதகுப்பை, சோம்பு போன்ற கொத்தமல்லிக் குடும்பச் செடிகளைத் தின்று வளரும் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் வட அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும், ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் உண்டு, சிங்கப்பூரில் இல்லை. அவற்றின் உறவினரான எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் இங்கே கறிவேப்பிலை உள்ளிட்ட எலுமிச்சைக் குடும்பச் செடிகளில்தான் முட்டையிடுகின்றன. இரண்டு செடிக் குடும்பங்களிலும் சில வேதிப்பொருள்கள் பொதுவாக இருப்பதால், ஒரே வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தில் சில இதையும் சில அதையும் பிடித்துக்கொண்டன. உங்கள் புழு முதலில் பறவை எச்சம் போலத் தோன்றி, பிறகு பச்சையாகும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் பரப்பும்.

பெட்டி விற்பவர்கள் அமெரிக்கத் தோட்டக் குறிப்புகளை அப்படியே பெயர்த்து ஒட்டுகிறார்கள். அதைவிட மோசமானது, உயிருள்ள கூட்டுப்புழு அனுப்புவதாகச் சொல்வது. வெளிநாட்டுப் பூச்சியைத் தருவிக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதைக் காட்டாதவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். நாற்று வாங்கும்போதும் மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள். வேர்வழியே ஏறிய மருந்து இலையிலும் தங்கியிருந்து, தின்னும் புழுவைக் கொன்றுவிடும்.

ஆனாலும் சதகுப்பையையும் சோம்பையும் பிடுங்கி எறிய வேண்டாம், பூக்க விடுங்கள். நம் வெயிலில் கொத்தமல்லி சில வாரங்களிலேயே தண்டு நீட்டிப் பூக்கத் தொடங்கும், ‘வீணாகிவிட்டது’ என்று பலர் அப்போதே பிடுங்கிவிடுகிறார்கள். குடை போல விரியும் அந்தக் கொத்தில் தேன் மேலாகவே இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் இல்லாத மலர் ஈக்களும் குட்டிக் குளவிகளும் எளிதாகக் குடிக்கும். மலர் ஈக்கள் பலவற்றின் புழுக்கள் செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் என்பதால் பக்கத்து மிளகாய்ச் செடிக்கும் ஆதாயம். வண்ணத்துப்பூச்சியும் வந்து தேன் குடிக்கலாம், ஆனால் குடிக்கும் செடி வேறு, முட்டையிடும் செடி வேறு. இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் உங்களுக்குப் பெட்டியை விற்றிருக்கிறார்கள்.

தாழ்வாரத்தில் தொட்டி வைத்தாலும் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதி நியாயமானதே. கொசுவை ஒழிக்க அடிக்கும் புகையின் கதை வேறு, அது புழுவையும் கொல்லக்கூடும். என் புளோக்கில் மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டப்படுவது பெரும்பாலும் புகை அடங்கிய பிறகுதான். முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. எனவே, புகை அடிப்பவர்களைக் கண்டதும் தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

சமையலுக்கு இன்னொரு கறிவேப்பிலைத் தொட்டியைப் பழைய கொசுவலையால் மூடிவையுங்கள். மொட்டையான செடி பெரும்பாலும் மீண்டும் துளிர்க்கும். கொழுத்த புழு ஒருநாள் காணாமல் போனால் காக்கை கொத்தியதாக எண்ண வேண்டாம்; கூட்டுப்புழுவாக மாற இறங்கி வாசல் கம்பிக்கதவிலும் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும், துடைக்கும் முன் பாருங்கள்.