'பவானி' பெயரில் விசைத்தறி ஜமக்காளம்: கேஸ் போட முடியுமா?

கேள்வி: அப்பா பவானியில் குழித்தறியில் (தரையில் குழி வெட்டி அமைக்கும் கைத்தறி) ஜமக்காளம் நெய்கிறார், நான் ஆன்லைனில் விற்கிறேன். அதே தளத்தில் விசைத்தறியில் ஓட்டியதை 'பவானி ஜமக்காளம்' என்று போட்டுப் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். புவிசார் குறியீடு இருக்கிறதே, கேஸ் போட முடியாதா? எங்கள் கோடு டிசைனை யாரும் எடுக்காமல் தடுக்க வழி உண்டா?

பதில்: கேஸ் போடலாம். டிசைன் விஷயத்தில் பெரும்பாலும் வழி இல்லை.

புவிசார் குறியீடு காப்பாற்றுவது பெயரைத்தான், நெசவை இல்லை. வேறு ஊர்க்காரர் அதே பட்டைக் கோடுகளைப் போட்டு வெறும் 'ஜமக்காளம்' என்று விற்றால் இந்தச் சட்டத்தில் அவரை ஒன்றும் செய்ய முடியாது. முன்னால் 'பவானி' சேர்த்து வாங்குபவரை நம்ப வைத்தால்தான் மாட்டுவார். அடுத்தது, பலரும் கவனிக்காத விஷயம். 2005-06இல் பதிவு கிடைத்தது என்பதால் பவானியில் தறி வைத்திருக்கும் எல்லாருக்கும் வழக்குப் போடும் உரிமை தானாக வந்துவிடாது. அது குறியீட்டைத் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கும் பதிவு உரிமையாளருக்கும், 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிந்தவருக்கும்தான். நெய்பவர் மட்டுமில்லாமல் அந்தச் சரக்கை வியாபாரம் செய்பவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் முதலில் அப்பா பெயரில் போடுங்கள், தறி அவருடையது. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். 500 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 10 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், ஆக செலவைக் காரணம் சொல்லித் தள்ளிப்போட வேண்டியதில்லை. குறியீட்டின் பதிவு பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது, நடப்பில் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பொய்யாகப் பெயர் போட்டு விற்பது குற்றமும்கூட: ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டுச் சரக்கைப் பிடிக்க டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அவரும் முதலில் புவிசார் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தைக் கேட்க வேண்டும். லோக்கல் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் காரியம் நடக்காது. தடை உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றம்தான்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு இதைவிடச் சுருக்கான வழி ஒன்று இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. இங்கே பெயர்ச் சண்டையே தேவையில்லை, ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் ஓட்டியதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைத்தறித் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். இது முக்கியமாக ஓட்டியவரைப் பிடிக்கிற சட்டம், அதனால் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். வெளிமாநிலத் தறி என்றால் அந்த மாநிலத் துறைதான் போய்ப் பார்க்க முடியும். ரகங்களை ஒதுக்கிய அரசு அறிவிக்கையில் சொன்ன நூல், நெசவு விவரத்துக்குள் அந்தச் சரக்கு வரவும் வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். அந்த விற்பனையாளரிடமே ஒன்றை ஆர்டர் போட்டு வாங்குங்கள். பில், பார்சல் மேலே ஒட்டிய சீட்டு, உள்ளே இருக்கும் லேபிள், எதையும் கிழிக்காமல் வையுங்கள், பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். தளத்தில் உள்ள படத்தையும் விவரத்தையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நோட்டீஸ் போன மறுநாளே 'பவானி' காணாமல் போய்விடும். அப்புறம் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பல நேரம் இந்தக் கட்டத்திலேயே விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள்.

டிசைனுக்கு வருவோம். தலைமுறையாக நெய்கிற கோடு யாருக்கும் தனிச்சொத்து ஆகாது. அப்பா புதிதாக ஒரு பார்டரோ பூவோ போட்டால் அதை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம்: 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. ஆனால் விண்ணப்பம் போடும் நாளில் அது வெளியே தெரியாததாக இருக்க வேண்டும். ஒரு கண்காட்சியில் விரித்துக் காட்டினாலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலோ புதுமை போய்விட்டது என்று எதிராளி வாதாடுவார், ஆகவே விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை போட்டோ எதுவும் போட வேண்டாம்.