ஞாயிறு அறியாத வீடு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் பிள்ளைகளுடன் கிராமத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குச் சென்றிருந்தோம். சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு மாலை திரும்பிவிட்டோம். பெரியம்மா எங்களோடு ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. பால் கறப்பதைப் பார்க்கப் போன பிள்ளைகளை அதட்டித் துரத்திவிட்டார். கைப்பேசிக்குச் சிக்னலும் கிடைக்கவில்லை. 12 வயது மகன் இனி வரவே மாட்டேன் என்கிறான். அவனைக் கட்டாயப்படுத்தலாமா? உறவு என்பதே வெறும் சடங்காகிவிட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சிக்னல் கிடைக்காததை என்னிடம் முறையிட்டுப் பயனில்லை. உறவு சடங்காகிவிட்டதா என்பது பட்டிமன்றத் தலைப்பு, அதையும் விட்டுவிடுகிறேன். என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரிதான்: ‘பெரியம்மா எங்களோடு ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை.’ சில மாதங்களுக்கு முன் என் அத்தை இறந்துபோனதிலிருந்து, உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பற்றியே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளைத் துரத்தியதற்காகப் பெரியம்மா மீது வருத்தப்படாதீர்கள். மடியை நீவிவிட்டதும் பசுவின் இரத்தத்தில் ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் கலக்கிறது. பால் இறங்குவது அதனால்தான், அதன் வேகமும் சில நிமிடங்களே நிற்கும். அந்நேரம் பழக்கமில்லாத குரல்கள் கேட்டு மாடு மிரண்டால், பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்னும் ஹார்மோன் குறுக்கே வந்துவிடும், மாடு பாலை அடக்கிக்கொள்ளும். இந்தப் பெயர்கள் பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாரை எப்போது தள்ளி நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

நீங்கள் போன நாள் உங்களுக்கு வார இறுதி. அவருக்கு அது என்ன நாள் என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? வார இறுதி என்பது இயற்கை தந்ததல்ல. ஆலையும் அலுவலகமும் தந்தது. ஃபோர்டு நிறுவனம் தன் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற முறையைக் கொண்டுவந்தது 1926இல். அதற்கு முன்பே, 1921இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வார ஓய்வுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தது, அது தொழில்துறைக்கானது. 1957இல் மீண்டும் ஒன்று செய்தது. அது வணிகத்துக்கும் அலுவலகங்களுக்கும் உரியது. இரண்டின் தலைப்பிலும் வேளாண்மை இல்லை. இருந்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை மடி கனக்காமல் இருக்கும்படி பசுவிடம் யார் கையெழுத்து வாங்குவது? உங்களுக்குக் கிடைத்த விடுமுறையை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவைத்துவிட்டு, அவரும் அதில் வந்து பங்கெடுக்கவில்லையே என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். இது பாசமல்ல, அசட்டை.

நானும் அப்படி வந்திறங்கியவன்தான். சிறு வயதில் நாங்கள் போகும்போதெல்லாம் அத்தை பகல் முழுவதும் எங்களோடு உட்கார்ந்திருப்பார். கதை சொல்வார், என் தங்கைக்குத் தலை பின்னிவிடுவார், அப்பாவின் பழைய குறும்புகளையெல்லாம் அவர் எதிரிலேயே போட்டு உடைப்பார். அப்பா சாய்ந்து படுத்துக்கொண்டு, “அக்கா கொடுத்துவைத்தவள், வேலையே கிடையாது” என்பார். அத்தையும் சிரிப்பார்.

ஒரு நாள் பின்னிரவில் விழித்துக்கொண்டு, டார்ச் விளக்கைப் பிடித்தபடி கொல்லைப்புறம் வந்தேன். ஏதோ அரவம் கேட்டதும் பயந்துபோய் விளக்கை அணைத்துவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. நகரவும் துணிவில்லாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பளிச்சென்ற ஒளியைப் பார்த்த கண், ரோடாப்சின் என்னும் நிறமி மறுபடி சேர்ந்து இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும் என்பதைப் பிற்பாடு படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இருட்டு மெல்ல மெல்லப் பிரிந்து, முதலில் தொழுவத்தின் கூரையும், பிறகு தண்ணீர்த் தொட்டியும், அதன் பிறகு குனிந்து நிமிரும் ஓர் உருவமும் வெளிப்பட்டன என்பதுதான். அத்தை தண்ணீர் சுமந்தார், சாணம் அள்ளினார், கட்டுப் புல்லைத் தூக்கிப் போட்டார். விளக்கு ஏற்றினால் நாங்கள் எழுந்துவிடுவோம் என்று, அத்தனையும் இருட்டில். மறுநாள் பகலில் எங்களோடு உட்கார்வதற்காக அந்தப் பகலின் வேலையை இரவிலேயே முடித்துக்கொண்டிருந்தார்.

நான் சத்தமில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் அப்பா வழக்கம்போல் “கொடுத்துவைத்தவள்” என்றார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அத்தை இருந்தவரை அவரிடமும் சொல்லவில்லை.

என் அத்தை எங்களைக் கடைசிவரை விருந்தாளிகளாகவே வைத்திருந்தார். உங்கள் பெரியம்மா உங்கள் கண்முன்னாலேயே வேலை செய்கிறார், உங்கள் பிள்ளைகளை அதட்டுகிறார். வீட்டு மனிதர்களிடம்தான் அப்படி நடந்துகொள்ள முடியும். இதுகூடவா விளங்கவில்லை உங்களுக்கு?

மகனைக் கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் பெரியம்மாவை அழைத்து, அவனுக்கு என்ன வேலை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். கேள்வியை அவன் காதுபடவே கேளுங்கள். மாட்டின் பக்கத்தில் முதல் நாளே விடமாட்டார்; தொட்டியை நிரப்பச் சொல்வார். முணுமுணுத்துக்கொண்டே நிரப்பட்டும். நீங்களும் ஒரு குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.